வாப்பா டைம்ஸ்

"வாப்பாவைக் காணோம்"னு நான் போட்ட பதிவுக்கு வந்த முதல் பின்னூட்டம், "மீ த பர்ஸ்ட்டு!" ரெண்டாவது, "குல்ஃபி அக்கா, வயிறு வலிக்குது, முடியல." மூணாவதுல எழுத்தே இல்ல, வரிசையா சிரிப்பு ஸ்மைலி. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டேன்.

குல்ஃபி நான்தான். நிஜப் பேரு ஷாயிஸ்தா, அஸ்தினாபுரத்துல இருக்கேன். வாப்பாவுக்கு மறதி நோய்னு டாக்டர் சொன்ன வாரம் "வாப்பா டைம்ஸ்"னு ஒரு பிளாக் ஆரம்பிச்சேன். அழுது மூஞ்சி வீங்கினதுதான் மிச்சம், அதுக்குச் சிரிச்சாவது தொலைக்கலாமேன்னு தோணுச்சு. ஃப்ரிட்ஜுக்குள்ள செருப்பை வெச்சது, என்னையே பார்த்து "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா"ன்னு கேட்டது, தொழுகைக்குப் போறேன்னு கிளம்பி யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தியில உக்காந்தது, எல்லாத்தையும் எழுதினேன். நோய்னு மட்டும் ஒரு வார்த்தை எழுதல. குசும்பு புடிச்ச பெரியவர்னுதான் படிக்கிறவங்க நெனச்சாங்க. துபாய்லேர்ந்து, சிங்கப்பூர்லேர்ந்து எல்லாம் "வாப்பா அடுத்து என்ன பண்ணினார்?"னு கேட்பாங்க. எனக்கும் அது புடிச்சுத்தான் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன்.

அன்னிக்குக் காலையில குக்கரை அடுப்புல ஏத்திட்டுத் திரும்பறேன், வாப்பா இல்ல. வாசல் கேட்டு திறந்து கெடக்கு. நானும் என் வீட்டுக்காரர் ஜாகிரும் பள்ளிவாசல், குரோம்பேட்டை ஸ்டேஷன், மார்க்கெட்டுன்னு நாயா அலைஞ்சோம். வேற வழி தெரியாம மதியம் வீட்டுக்கு வந்து பிளாக்ல போட்டோவோட எழுதினேன். போன் நம்பரும் போடத்தான் போனேன்.

"பொம்பளை நம்பரை நெட்டுல போடுவியா? என் நம்பரும் வேணாம். குல்ஃபி யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்"னார் ஜாகிர்.

நானும் மண்டையை ஆட்டினேன். பார்த்தவங்க பின்னூட்டத்துல சொல்லட்டுமேன்னு விட்டுட்டேன்.

சொன்னாங்களே! "வாப்பாவை ஷார்ஜா ஏர்போர்ட்டுல பார்த்தேன்." "எங்க ஆபீஸ் லிஃப்டுல மேலயும் கீழயும் போய்க்கிட்டிருக்கார்." "படப்பையில நம்ம பிரவுசிங் சென்டர் வாசல்ல குந்திகினு கீறாரு, சட்டைய உல்டாவா மாட்டிகினு. இன்னா பண்ணட்டும் அக்கா? :)))" இன்னொருத்தன் வாப்பாவை அமெரிக்க ஜனாதிபதி மாளிகைக்கே அனுப்பிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. "உங்க அப்பன் காணாமப் போனாலும் இப்படித்தான் பல்லைக் காட்டுவீங்களாடா"ன்னு கத்திக்கிட்டே ஒண்ணு விடாம அழிச்சேன். பின்னூட்டப் பெட்டியையும் மூடினேன். இந்தக் கருமத்தை யாருக்காக எழுதினேன், எதுக்காக எழுதினேன்? வாப்பாவைப் பத்தி இவ்வளவு எழுதியும் அவரைப் பத்தி ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலையே!

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். "என்ன டிரெஸ்ஸும்மா?"ன்னு ஏட்டு கேட்டார்.

"வெள்ளைச் சட்டை, பச்சைக் கட்டம் போட்ட கைலி."

ஜாகிர் தயங்கித் தயங்கி, "சட்டையை மாமா உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி மாட்டியிருந்தார் சார். சரி பண்ணி விடலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள ஒரு போன் வந்துச்சு"ன்னார்.

சட்டை உல்டான்னு நான் எங்கயும் எழுதல. எனக்கே அப்பதான் தெரியும். அப்படின்னா அந்தப் படப்பை ஆளு கண்ணால பார்த்துட்டுத்தான் எழுதியிருக்கான்!

"மச்சான், படப்பை! வண்டிய எடுங்க!"

தாம்பரம் தாண்டினதும் முன்னாடி பூரா லாரி. ஜாகிர் முதுகுல சாஞ்சுக்கிட்டு, யா அல்லாஹ், அவர் அந்த வாசல்லயே உக்காந்திருக்கணும், வேற எதுவும் கேக்க மாட்டேன்னு வழி முழுக்க அழுதேன்.

படப்பை பஸ் ஸ்டாப்புக்கு எதிர்லயே இருந்துச்சு அந்த பிரவுசிங் சென்டர். வாசல் படி காலி. உள்ள எட்மண்ட்னு ஒருத்தர், கடைக்காரர். நான்தான் குல்ஃபின்னு சொன்னதும் நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டார்.

"அக்கா, டீயும் பன்னும் வாங்கிக் குட்த்தேன். போட்டோவுல கண்ணாடி, தொப்பி எல்லாம் கீது, இவருக்கு ஒண்ணுமே இல்ல. டவுட்டாதான் இருந்துச்சு. உங்க ரிப்ளைக்கு ரீஃப்ரெஷ் பண்ணிகினே இருந்தேன். பார்த்தா என் கமெண்ட்டையே தூக்கிட்டீங்க. சரி, இவர் அவர் இல்ல போலன்னு நெனச்சுகினேன். ஓரகடம் பஸ் வந்துச்சு. வூட்டுக்குப் போறேன்னார். நான்தான் கை குடுத்து ஏத்திவிட்டேன்."

"அப்புறம் எதுக்குய்யா சிரிப்பு ஸ்மைலி போட்டே?" அவர் சட்டையைப் புடிக்காத குறைதான்.

"ஸ்மைலி இல்லாம உங்க பிளாக்ல யாருமே எழுத மாட்டோமேக்கா"ன்னார். சொல்லும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. அதுக்கு மேல அவரை நான் என்னத்தைத் திட்டறது?

என்னை அங்கேயே எழுத உக்கார வெச்சிட்டு, அந்த பஸ்ஸைத் தேடி ஜாகிர் மட்டும் வண்டியை ஓரகடம் பக்கம் திருப்பினார். கிளம்பறதுக்கு முன்னாடி, "என் நம்பரையும் போடு"ன்னார். நான் எட்மண்ட் கம்ப்யூட்டர்ல உக்காந்தேன். மூடின பெட்டியைத் திறந்தேன். அடிச்சேன்.

"என் பேரு ஷாயிஸ்தா. எங்க வாப்பா பேரு மைதீன் பிச்சை. அவருக்கு மறதி நோய். இத்தனை நாளா நானும் நீங்களும் சிரிச்சது அதைப் பார்த்துத்தான். அவர் படப்பையிலேர்ந்து ஓரகடம் பஸ்ல ஏறியிருக்கார். சட்டை உல்டாவா இருக்கும். கூப்பிட்டா பேரு சொல்லத் தெரியாது. புடிச்சு உக்கார வெச்சிட்டு கீழ இருக்கற ரெண்டு நம்பர்ல எதுக்காவது பேசுங்க. இனிமே இந்த பிளாக் இதுக்கு மட்டும்தான்."

போட்டுட்டு ரீஃப்ரெஷ் பண்ணினேன். ஒண்ணும் இல்ல. மறுபடி பண்ணினேன். ஒரு பின்னூட்டம் வந்திருந்துச்சு.

"மீ த பர்ஸ்ட்டு! :)))"

"படிக்காமயே போடுறானுங்க அக்கா, தூக்குங்க அதை"ன்னு எட்மண்ட் மவுஸ்கிட்ட கையைக் கொண்டு வந்தார்.

"கையை எடுய்யா"ன்னேன். இனிமே எதையும் அழிக்க எனக்குத் தைரியம் இல்ல. திரும்பவும் ரீஃப்ரெஷ் பண்ணினேன்.