செத்துப்போன சென்சார்

விடுதிச் சமையலறையில் எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு மாணவி பொருத்திய சென்சார் மூன்று நாளாகச் செத்துக் கிடந்தது. அவளுடைய ப்ராஜெக்டைப் பார்க்க வந்த விருந்தினர்களுக்குப் பேராசிரியர் காட்டிய திரையிலோ, ‘ஆபத்தில்லை’ என்று அது பச்சையாக மின்னியது. பக்கத்துச் சென்சார் காட்டும் அளவை எடுத்து அவர் அதன் கட்டத்தில் ஒட்டியிருந்தார். அவளுக்கு ரத்தம் கொதித்தது.

“சார், அங்க ஆறு பேர் அடுப்புகிட்ட நிக்கிறாங்க!”

“இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரும்மா. மானம் போயிடும்.”

“உயிர் போனா பரவாயில்லையா?”

கீபோர்டை வெடுக்கென்று இழுத்து, அவருடைய ஒட்டுவேலையை நிறுத்தினாள். அந்த ஒன்று மட்டுமல்ல, செத்துக் கிடந்த ஒன்பது சென்சார்களின் கட்டங்கள் திரையில் சிவந்தன.

“உன் ப்ராஜெக்ட் அவ்வளவுதான்!” என்று பேராசிரியர் கத்தினார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், புது பேட்டரிகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். விருந்தினர்களில் ஒருவர் எழுந்து அவள் பின்னாலேயே விரைந்தார்.