நாற்பத்தோராவது திருத்தம்

ஏழு வருசத்துக்கு முன்னர் ஊர் ஒன்றியத்தின் கூட்டத்தில், "எங்கடை ஊருக்கும் ஒரு இணையத்தளம் வேணும், ஆர் செய்வினம்?" என்று தலைவர் கேட்டபோது உதயகலா வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "மென்பொருள் இலவசமாய்க் கிடக்குது, நான் செய்து தாறன்" என்று கையை உயர்த்தினாள். மென்பொருளோடு சேர்த்துத் தன்னையும் இலவசமாகக் கொடுக்கிறாள் என்பது அன்றைக்கு அவளுக்கு விளங்கவில்லை.

அன்று தொடக்கம் நிம்மதி போனது. சுன்னாகம் ஸ்டேசனடியில், மேல்மாடியில் இருந்த அவளுடைய சின்ன அலுவலகத்துக்குச் சம்பளம் தருகிற வேலையை விட ஊர்த் தளத்தின் தொல்லைதான் கூடுதலாக வந்தது. லண்டன் கிளைச் செயலாளர் மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கடவுச்சொல்லை மறப்பார். பொருளாளர் பென்னாம் பெரிய படங்களை ஏற்றிவிட்டு, "சைட் இழுக்குது பிள்ளை" என்று முறைப்பாடு வைப்பார். முன்பக்கத்தில் பூ விழவேண்டும் என்று ஆரோ 'பிளகின்' என்கிற ஒட்டு மென்பொருள் ஒன்றைப் போட்டு, முழுத் தளமும் வெள்ளையாகிப் போகும். கேட்டால், "நாங்கள் ஒண்டுமே செய்யேல்லை." ஒன்றுமே செய்யாதவர்கள் இவ்வளவையும் எப்படி உடைக்கிறார்கள் என்று யோசித்தே அவளுக்குப் பாதி முடி நரைத்துவிட்டது.

இத்தனைக்கும் அந்தத் தளத்தில் சனம் வாசிக்கிற பக்கம் ஒன்றே ஒன்றுதான். மரண அறிவித்தல். குடும்பத்தவர்கள் உள்ளே வந்து தாங்களே எழுதுவார்கள், திருத்துவார்கள். கடைசியில் வெளியிடுகிற பொத்தானை மட்டும் உதயகலா அமத்துவாள். எழுத்தில் கை வைக்கமாட்டேன் என்று ஒன்றியத்துக்கு எழுதியே கொடுத்திருந்தாள். ஆர் பெயர் முதல், ஆர் பெயர் பிறகு என்ற சண்டைக்குள் தலையைக் கொடுக்க அவளுக்கென்ன விசரா?

செவ்வாய்க்கிழமை காலை கோபிகா அழைத்தாள். பத்து வருசம் உதயகலாவுடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அவளுடைய தாய் பராசக்தி முதல்நாள் பின்னேரம் காலமாகிவிட்டார். புதன்கிழமை காலை பத்து மணிக்குச் செத்தவீடு.

"பெரியண்ணையும் சின்னண்ணையும் அறிவித்தல் எழுதிக்கொண்டிருக்கினம். மத்தியானத்துக்கிடையிலை போட்டுவிடு கலா. தூரத்திலை இருக்கிற சொந்தமெல்லாம் அதைப் பாத்துத்தான் வெளிக்கிடும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இவரின்ரை பேர் கிடக்குதோ எண்டும் ஒருக்காப் பார். எங்கடை வீட்டு நன்மை தின்மை ஒண்டிலையும் இவரின்ரை பேர் போடுறேல்லை. நாலு வருசமாய் அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாய்த் தூக்கித் திரிஞ்சது இவர்தானேடி. இந்த முறை எண்டாலும் மருமகன் எண்டு ஒரு இடத்திலை வரட்டும்."

'இவர்' என்பது எமில்ராஜ். கரையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கன், தண்ணீர் பம்ப் திருத்துகிறவன். கோபிகா அவனைக் கட்டிப் பதினான்கு வருசமாகியும், கனடாவிலிருந்த பெரியண்ணன் தியாகலிங்கத்துக்கு அவன் இன்னும் மனுசக் கணக்கில் வரவில்லை.

உதயகலா கணினியைத் திறந்தாள். அறிவித்தல் வரைவாகக் கிடந்தது. அமத்தினால் ஒரு பெட்டி வந்து நின்றது: 'தியாகலிங்கம் இப்போது இதைத் திருத்துகிறார். பொறுப்பேற்கவா?' தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். இப்போது பிரான்சிலிருந்த சின்னண்ணன், தியாகலிங்கத்தின் தம்பி அருட்செல்வன் திருத்திக்கொண்டிருந்தான். அண்ணனிடமிருந்து பறித்துவிட்டான். ஐந்து நிமிசத்தில் அண்ணன் திரும்பப் பறித்தான்.

ஒவ்வொரு திருத்தத்தையும் அந்த மென்பொருள் பத்திரமாகச் சேமித்து வைக்கும். மாறின வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும், அழித்தது சிவப்பிலும் சேர்த்தது பச்சையிலுமாக. உதயகலா ஒவ்வொன்றாகத் தட்டினாள். எமில்ராஜ் பச்சையில் வந்தான். சிவப்பில் போனான். மறுபடி பச்சை. மறுபடி சிவப்பு. அருட்செல்வனுக்கு எமில்ராஜில் பாசம் பொங்கி வழிகிறது என்று யாரும் நம்பவேண்டாம். அண்ணன் அழிக்கிறதால்தான் அவன் போட்டான். அண்ணன் போட்டிருந்தால் அவன் அழித்திருப்பான்.

ஒன்பதரைக்குப் பாரிசிலிருந்து அழைப்பு. "தங்கச்சி, அண்ணையின்ரை கணக்கை மூடிவிடுங்கோ." பத்துக்குக் கனடா. "பிள்ளை, மூத்தவன் நான். தம்பியை வெளியாலை விடு." இருவருக்கும் உதயகலா ஒரே மறுமொழி சொன்னாள். "எழுத்திலை நான் கை வைக்கிறேல்லை அண்ணை. நீங்கள் ரெண்டுபேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ." கதைக்கிறதாவது! அவர்கள் கதைத்து ஆறு வருசமாகிறது. தாயின் அறிவித்தலுக்குள்தான் இப்போது இருவரும் சந்தித்திருந்தார்கள்.

பதினொன்றரைக்குத் திருத்தம் நாற்பத்தொன்றைத் தொட்டது. கடைசியாக அழித்தவர் தியாகலிங்கம். எரிச்சலில் உதயகலாவுக்குக் கண்ணுக்குள் நீர் முட்டியது. கோபிகாவுக்கு என்ன சொல்வது?

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தான் எமில்ராஜ். இரண்டு நாள் தாடி, கையில் ஹெல்மெட்.

"தங்கச்சி, என்ரை பேராலைதான் மாமியின்ரை அறிவித்தல் மறிபட்டு நிக்குதாம். எடுத்துவிடுங்கோ. நான் கோபிகாவுக்குச் சொல்லுறன். பந்தல்காரன் வந்திட்டான், இன்னும் ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது."

"நீங்களும் வந்திட்டியளே!" உதயகலா வெடித்தாள். "எல்லாருக்கும் நான்தான் கிடைச்சன். எடுக்கிறதுக்கு இப்ப உங்கடை பேர் அதிலை இல்லை. நம்பாட்டில் நீங்களே வாசியுங்கோ!" முழுப் பக்கத்தையும் திறந்து திரையை அவன் பக்கம் திருப்பிவிட்டாள்.

எமில்ராஜ் குனிந்து மேலிருந்து மெல்ல மெல்ல வாசித்தான். வாசித்தவன் நடுவில் நின்றான். மறுபடி மேலே போனான்.

"தங்கச்சி," என்றான், "இது மாமாவெல்லோ?"

உதயகலா எட்டிப் பார்த்தாள்.

'செல்லையா கதிரவேலு அவர்கள் காலமானார். அன்னார் பராசக்தியின் அன்புக் கணவரும்...' தகப்பனின் பழைய அறிவித்தலை அப்படியே பிரதி எடுத்து, நாளையும் நேரத்தையும் மட்டும் மாற்றிவிட்டு, நேரே மருமக்கள் வரிக்கு இறங்கிவிட்டார்கள். அந்த ஒரு வரியில் நின்றுதான் இவ்வளவு நேரமும் பிடுங்குப்பட்டிருக்கிறார்கள். நாற்பத்தொரு திருத்தம். செத்தது தாய் என்று ஒன்றிலும் இல்லை.

உதயகலாவுக்கு வெட்கமாகிவிட்டது. காலை முழுக்கச் சிவப்பையும் பச்சையையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவளும்தானே.

முதல் வேலையாக அண்ணனையும் தம்பியையும் வாசிக்க மட்டும் முடிந்தவர்களாக மாற்றினாள். இரண்டே தட்டு, ஏழு வருசத்தில் இப்படி ஒரு சந்தோசத்தை அந்த மென்பொருள் அவளுக்குக் கொடுத்ததில்லை. பிறகு முதல் வரியை அழித்தாள்.

"மாமியின்ரை தகப்பன் பேர்?"

"ஏரம்பு."

"பிறந்த இடம்?"

"உடுவில். நாப்பத்தொன்பதாம் ஆண்டு, ஆவணி பதினெட்டு." கிளினிக் வாசலில் எத்தனையோ தரம் சொல்லிச் சொல்லி அவனுக்கு அது மனப்பாடம். மாமியின் தமக்கை பெயர், தம்பி பெயர், எல்லாம் அவன் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வந்தன. உதயகலா தட்டிக்கொண்டே போனாள். மருமக்கள் வரி வந்ததும் அவனைக் கேட்காமலே 'எமில்ராஜ்' என்று போட்டாள்.

"வில்லங்கம் வரும் தங்கச்சி."

"வரட்டும்."

பன்னிரண்டு மணிக்கு வெளியிட்டாள். எமில்ராஜ் சந்தியில் ஒட்டுவதற்கு இரண்டு பிரதி அச்செடுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கினான். அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்க முதலே கனடா அழைத்தது.

"பிள்ளை, என்னை ஏன் உள்ளை விடுகுதில்லை? உவன்ரை பேரை ஆர் போட்டது?"

"நான்தான் போட்டனான். அண்ணை, ஒண்டு கேக்கிறன். இருபது தரத்துக்கு மேலை உள்ளை வந்தனீங்கள். மேலை உங்கடை அம்மாவின்ரை பேர் இல்லை எண்டு ஒருக்கா எண்டாலும் பாத்தனீங்களே? அப்பாவைத்தான் ரெண்டாந்தரம் சாகக் குடுத்து வைச்சிருந்தனீங்கள்."

அந்தப் பக்கம் மூச்சே இல்லை. அழுகிறாரோ என்று உதயகலாவுக்கு மனம் கொஞ்சம் இளகியது. சரி, பெற்ற தாய் அல்லவா, ஏதாவது ஆறுதல் சொல்லுவோம் என்று வாயெடுத்தாள்.

"அதை," என்றார் தியாகலிங்கம், "தம்பியெல்லோ பாத்திருக்க வேணும்."