ஒரு வாரத்தில் வரக்கூடியவர்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததில், பிரிட்டிஷார் ஆண்ட ஏடனில் பயந்துபோனவர்கள் யாரென்றால், உள்ளூர்ப் படைக்காரர்கள்தான். சண்டையே இல்லையென்றால் சிப்பாய் எதற்கு? அமைதிக் காலத்தில் இந்தக் காலனிக்கு எத்தனை பேர் போதும் என்று லண்டன் கேட்டிருந்தது. கணக்குப் போட்டுப் பதில் எழுத, கெய்ரோவிலிருந்து மேஜர் பெல்லிங் கோர்மக்ஸார் முகாமில் வந்து இறங்கினார். மூவரில் ஒருவர் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற சேதி, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சமையற்கட்டு வரை போய்விட்டது.

சிப்பாய் தாபித் அன்று காலை ரொட்டியைத் தொடவே இல்லை. ஔலக்கி மலைப்பக்கத்தில் அவன் வீட்டில் ஒன்பது வாய். இரண்டு வருஷமாக ஓடையில் வெள்ளம் வராமல் சோளம் கருகிக் கிடந்தது. இந்த வேலையும் போனால் அடுப்பெரியாது.

முகாம் குமாஸ்தா காயித் வந்து தோளில் தட்டினார். “எழுந்திருப்பா. மேஜர் முதல் ஆளா உன்னைத்தான் கேக்குறார். மச்சக்காரன்டா நீ.”

உள்ளே நுழைந்ததும் மேஜரே எழுந்து வந்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார். நன்றாகவே அரபி பேசினார். “நாப்பதுல இத்தாலிக்காரன் குண்டு போட்டப்போ, எண்ணெய்க் கிடங்கு நெருப்புல இருந்து என்னை இழுத்துப் போட்டியே, ஞாபகம் இருக்கா? புகையில நான் மூஞ்சியைக்கூடப் பாக்கல. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்போ உன் பேரை மட்டும் சொன்னாங்க. அங்கிருந்தே கெய்ரோவுக்கு அனுப்பிட்டாங்க. ஆறு வருஷமா இந்த நன்றியைத் தூக்கிக்கிட்டுத் திரியறேன், தாபித். பட்டியல்ல உன் பேருதான் முதல்ல. அதுல யாரும் கை வைக்க முடியாது.”

தாபித் தலையாட்டியிருந்தால் போதும், ஒன்பது வாய்க்கும் ரொட்டி உறுதி. ஆனால் அன்று நெருப்புக்குள் போனது அவனில்லை, அவன் தம்பி அவத். தம்பிக்கு வைத்த சோற்றைத் தான் அள்ளித் தின்பதுபோல் இருந்தது அவனுக்கு. பாழாய்ப்போன மனசு, சும்மா இருந்தால்தானே.

“ஸாஹிப், அது நான் இல்ல. என் தம்பி.”

“படையில உனக்குத் தம்பி இருக்கறதா பதிவே இல்லையே?”

“இருக்கான். நான் ஊருக்குப் போறப்போ என் பேர்ல அவன் வந்து நிப்பான்.”

மேஜர் மெதுவாக உட்கார்ந்தார். “ரெண்டு பேரும் ஒரே பேர்லயா?”

“வேலை வீட்டுக்குக் குடுத்ததுதானே, ஸாஹிப். நாலு மாசம் நான், நாலு மாசம் அவன். ஒரு ஆம்பளை கிணத்தையும் வயலையும் பாக்கணும், இல்லேன்னா பக்கத்துக் குலத்தான் வந்து உக்காந்துக்குவான். எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கூடவே வந்து நின்ற காயித்தின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆள் மாறி வருவது தெரிந்தும் வருஷக்கணக்காகக் கண்டுகொள்ளாமல் இருந்தவர் அவர். “எல்லாரும்னா எத்தனை பேர்?” என்று மேஜர் அவரைத்தான் கேட்டார்.

“பாதிக்கு மேல இருக்கும், ஸாஹிப். யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல.” அப்படியே தாபித் பக்கம் சாய்ந்து, “உன் வாய்ல மண்ணைப் போட” என்று முணுமுணுத்தார்.

மேஜர் மேஜைமேல் கிடந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு கட்டங்கள். எப்போதும் முகாமில் இருப்பவர்கள் ஒன்றில், கலவரம் என்றால் ஒரு வாரத்தில் வரக்கூடியவர்கள் இன்னொன்றில். ஆளைக் குறைக்கச் சொன்ன லண்டன், அவசரத்துக்கு ஆளும் கேட்டிருந்தது. இரண்டாவது கட்டம் மூன்று நாளாகக் காலியாகக் கிடந்தது.

“உங்க மலையில இருந்து இங்க வர எத்தனை நாள்?”

“அஞ்சு நாள் நடை.”

“உன் தம்பி ஒழுங்கா சுடுவானா?”

“என்னைவிட நல்லாவே சுடுவான், ஸாஹிப்.”

மேஜர் சிரித்துவிட்டார். “அப்போ ரிசர்வ் படை ஒண்ணை நீங்களே வச்சிருக்கீங்க. எங்களுக்குத்தான் தெரியல.” பேனாவை எடுத்தார்.

அவர் எழுதியது இவ்வளவுதான். இனி ஓர் இடத்துக்கு இரண்டு பேர், இரண்டு பேரும் அவரவர் சொந்தப் பெயரில். ஒருவர் முகாமில் இருந்தால் மற்றவர் ஊரில், கூப்பிட்டால் வர வேண்டும். வீட்டுக்கு அனுப்பப்பட இருந்தவர்கள், தம்பி இல்லாதவர்களுக்குத் துணையாளானார்கள். சம்பளம் பாதியானவர்கள் உண்டு; அடியோடு வேலை போனவர் ஒருவரும் இல்லை. லண்டன் மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டுச் சம்மதித்தது. அன்று முகாமில் ஆடு வெட்டினார்கள். காயித் தாபித்தின் நெற்றியில் முத்தமிட்டு, “உன் வாய் நல்லா இருக்கட்டும்டா” என்றார்.

சொந்தப் பெயரில் பதிய அவத் மலையிலிருந்து நடந்தே வந்தான். மேஜர் அவன் முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பிறகு கையைப் பிடித்து நன்றி சொன்னார். 

அவத்துக்குக் கூச்சமாகப் போய்விட்டது. “நன்றியெல்லாம் எதுக்கு, ஸாஹிப்? நான் உள்ள போனது துப்பாக்கிக்காக. ஓடி வர்ற அவசரத்துல விட்டுட்டு வந்துட்டேன். அது அண்ணன் பேர்ல குடுத்தது. தொலைஞ்சிருந்தா அண்ணனை ஜெயில்ல போட்டிருப்பாங்க. போய்ப் பாத்தா அது மேல நீங்க கிடந்தீங்க. ரெண்டையும் இழுத்துட்டு வந்தேன்.”

மேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிடித்த கையை மட்டும் விடவில்லை. தாபித்துக்குச் சிரிப்பு வரவில்லை. எரிகிற கிடங்குக்குள் இவன் தனக்காகவா போனான்? வெளியே வந்ததும் தம்பியை நிறுத்தினான்.

“ஆறு வருஷமா ஏன்டா இதை என்கிட்ட சொல்லல?”

“அந்த வருஷம் நான் இங்க இருந்தப்போ, ஊர்ல பஞ்சத்துல நீ பட்டினி கிடந்து என் புள்ளைங்களுக்குச் சோறு போட்டியாம். அவங்க அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். நீ சொன்னியா, அண்ணே?”

தாபித் தம்பியை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டு, அங்கேயே நின்று அழுதான்.