பத்தொன்பது அடி வண்டியின் தரை

வினைல் விரிப்பின் ஓரத்தைக் கீறி இழுத்தபோது அது ஈரத்தோல் போல உரிந்து வந்தது. மெர்வின் கிராபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாள்கணக்கில் தேங்கிய பாத்திரக் கழுநீரின் வாடை குப்பென்று அடித்தது. அடியிலிருந்த பிளைவுட் கறுத்துக் கிடந்தது. விரலால் அழுத்தியதும் பாலில் ஊறிய ரொட்டிபோல உள்ளே போயிற்று. ரம்பத்தை ஓட்டத் தேவையே இருக்கவில்லை. கையாலேயே பிய்த்துப் பிய்த்து வாளியில் போட்டார்.

பிக்கப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீட்டு வண்டி அது. பின்னால் பைக் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்காகச் செய்தது. முன்பாதியில் கட்டில், அடுப்பு, தொட்டி. பின்பாதியில் பைக் நிறுத்த வெற்றுத்தரை. பின்சுவரை அப்படியே கீழே சாய்த்தால் அதுவே ஏறுபலகை. இந்தத் தொழிற்சாலையில் ஒரு நாளைக்குப் பதினாலு வண்டி வெளியே வரும். மெர்வினுக்கு ஐம்பத்தாறு வயது. பத்தொன்பது வருஷம் உள்ளே, தரை போடும் இடத்தில் நின்றவர். வலது தோளின் தசைநார் கிழிந்ததும் இந்த வசந்தத்தில் பின்கட்டுப் பழுது கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். அக்டோபர் பதினாலாம் தேதி அறுவை. செலவு கம்பெனிக் காப்பீட்டில்.

வண்டிக்குச் சொந்தக்காரி வெளியே ஜல்லித் தரையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். பெயர் கோரின் டாகெட். குழாய்களைப் பற்றவைக்கும் வெல்டர். வேலை எங்கே இருக்கிறதோ அங்கே இந்த வண்டியை இழுத்துப்போய் நிறுத்தி, அதிலேயே இருந்துகொள்வாள். பதினாலு மாதமாக அதுதான் வீடு. ஜூலையில் வட டகோட்டாவில் பைக்கை இறக்கப்போனபோது, பைக்கைப் பிடித்துக் கட்டியிருந்த இரும்பு வளையம் தரைப்பலகையோடு பெயர்ந்து வந்துவிட்டது. பைக் சரிந்து அவள் இடது கணுக்காலில் விழுந்தது. ஆறு வாரம் வேலை இல்லை. ஏழாவது வாரம் அந்த இடத்தில் வேறொருவன் நின்றான். வண்டியை விற்ற வியாபாரி, பழுது பார்க்க நவம்பரில் வா என்றான். அதுவரை பொறுக்க முடியாமல், எலும்பு கூடப் போட்ட கால் கவசத்தோடு இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு, வண்டி பிறந்த இந்த இண்டியானா ஊருக்கே வந்திருந்தாள்.

மத்தியானத்துக்குள் மெர்வினுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை முழங்கைக் குழாயில் சும்மா செருகியிருந்தார்கள். பசை தடவவில்லை, தடவியிருந்தால் ஊதாக் கறை இருக்கும். வெள்ளைவெளேரென்று இருந்தது. அவள் தட்டு கழுவிய ஒவ்வொரு முறையும் பாதித்தண்ணீர் தரைக்குள் இறங்கியிருக்கிறது. நான்கு வளையங்களும் இரும்புச் சட்டத்தில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். நான்குமே மரத்தில் மட்டும், குட்டை ஸ்க்ரூவால் பிடித்திருந்தன. சட்டத்துக்கும் அவற்றுக்கும் அரை அங்குலம் இடைவெளி. வண்டிச் சட்டத்தின் பக்கவாட்டில் மஞ்சள் சுண்ணக்கட்டியால் ‘3’ என்று போட்டிருந்தது. மூன்றாம் கோஷ்டி.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு வண்டி முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது அங்கே வழக்கம். விடியற்காலை ஐந்துக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடித்துவிடுவார்கள். சட்டம் எங்கே இருக்கிறதென்று தடவிப் பார்த்து போல்ட் இறுக்கினால் நாலு மணியாகும். பின்னால் நிற்பவன் கத்துவான். இந்த வண்டியை நினைவுபடுத்திப் பார்க்க முயன்றார். வரவில்லை. நிறம், நாள், மழையா வெயிலா, ஒன்றும் வரவில்லை. வாயில் கசப்பு நீர் ஊறிக்கொண்டே இருந்தது. கொட்டகை மூலையில் போய்த் துப்பினார்.

கோரின் கவசக்காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தடுக்கப் பார்த்தார், கேட்கவில்லை. குனிந்து குழாயைத் தொட்டாள். அது கையோடு கழன்று வந்தது. வளையம் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

“நான் பத்தவெக்கற ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்க,” என்றாள். “ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அன்னிக்கே பொட்டியக் கட்டச் சொல்லிருவாங்க. இத யாருமே பாக்கலையா?”

“பாத்தாங்க. மேல விரிச்ச வினைலப் பாத்தாங்க.”

“யார் போட்ட தரை இது?”

“மூணாவது கோஷ்டி.” கையுறையைக் கழற்றினார். “நான்தான் அதுல மூத்தவன்.”

அவள் திட்டினால் நன்றாயிருக்கும் என்று அவருக்குப் பட்டது. அவள் குழாயைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போய் வாளிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

மாலையில் லைல் பென்ராட் கூப்பிட்டு அனுப்பினான். புகார்ப் பிரிவுக்கு மேலாளர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவனுடைய அப்பாவும் மெர்வினும் ஒரே தேவாலயம். மேஜைமேல் டோனட் டப்பா திறந்திருந்தது, எடுத்துக்கொள்ளச் சொன்னான். மெர்வினின் விரல்களில் இன்னும் அந்த வாடை இருந்தது. வேண்டாமென்றார். உத்தரவாதப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், இது நிரந்தரமாகக் குடியிருக்க அல்ல என்று போட்டிருப்பதை லைல் காட்டினான். மூச்சு, சமையல், ஈரத்துணி, இவையெல்லாம் தரையை ஊறவைக்கும் என்று விளக்கினான்.

“குடியிருந்ததால வந்த ஈரம்னு ஒரு வரி எழுதிட்டீங்கன்னா போதும், மெர்வ். தோள் ஆபரேஷன் என்னைக்கு?”

“பதினாலாம் தேதி.”

“நல்லபடியா நடக்கட்டும். காப்பீட்டுப் பேப்பரெல்லாம் நானே பாத்துக்கறேன்.”

அன்றிரவு சமையலறை மேஜையில் உட்கார்ந்து இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு எழுதினார். இரண்டு தாள் வந்தது. முதல் தாளில் காரணம்: பசையில்லாத குழாய், சட்டத்தைத் தொடாத ஸ்க்ரூ, மூன்றாம் கோஷ்டி, தன் பெயர். இரண்டாம் தாளில் வண்டியின் நிலை: தரை முழுக்கப் போயிற்று, இரண்டு குறுக்குச் சட்டங்கள் துருப்பிடித்துவிட்டன, ஒன்றில் வெடிப்பு, இதைச் சாலையில் இழுப்பது உயிருக்கு ஆபத்து. இப்படி எழுதினால் கம்பெனி அவளுக்கு வேறு வண்டி கொடுக்காமல் தப்பிக்க முடியாது என்று அவர் நினைத்தார். இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். காலையில் லைல் இரண்டையும் நிதானமாகப் படித்தான், கோப்பில் வைத்தான், நன்றி சொன்னான். கோபப்படவில்லை. அதுதான் மெர்வினுக்குப் புரியவில்லை.

மறுநாள் கோரினுக்குக் கடிதம் வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது, வண்டியை எடுத்துச் செல்லலாம்.

எடுத்தாள். ரொம்ப தூரம் போகவில்லை. வாசலுக்கு நேரெதிரே, சாலைக்கு அந்தப்பக்கம் புல் ஓரத்தில் நிறுத்தி, பின்கதவைச் சாய்த்து, பெயர்த்த தரை தெரியும்படி வைத்தாள். அட்டையில் ‘வயது பதினாலு மாதம்’ என்று எழுதி மாட்டினாள். நாடெங்கிலுமிருந்து வியாபாரிகள் புதிய வண்டிகளைப் பார்க்க வரும் வாரம் அது. கழுத்தில் அட்டை தொங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்து எட்டிப்பார்த்தார்கள். ஒருவர் விளம்பரப் புத்தகத்தால் மூக்கை மூடிக்கொண்டார். ஒன்றரைக்கு வேலை முடிந்து வந்த ஆட்கள் வண்டியை மெதுவாக்கினார்கள். சிலர் சிரித்தார்கள். மூன்றாம் கோஷ்டிக்காரர்கள் நேரே பார்த்து ஓட்டிப் போனார்கள்.

இரண்டாம் நாள் சாப்பாட்டு வேளையில் மெர்வின் தன் ரொட்டிப் பொட்டலத்தோடு சாலையைக் கடந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். அங்கே நின்றால் எல்லார் கண்ணிலும் படும் என்று தெரிந்துதான் நின்றார். பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

“இந்த வண்டியோட ரோட்டுல போயிராதம்மா,” என்றார்.

“போறதுக்கு எனக்கு வேற எடம் இருக்கா?” என்று கேட்டுவிட்டு ரொட்டியைக் கடித்தாள்.

அப்போதுதான் லைல் ஒரு மாவட்டப் போலீஸ்காரரோடு வந்தான். போலீஸ்காரர் நல்ல மாதிரி ஆள். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார். பொதுச்சாலை ஓரத்தில் ஓட்டத் தகுதியற்ற வண்டி நிற்கிறது என்று எழுத்துமூலம் தகவல் வந்திருப்பதாகவும், அதை அவள் இழுத்துப்போகவும் முடியாது, இங்கேயே விடவும் முடியாது என்றும் சொன்னார். கையில் ஒரு தாள் இருந்தது.

கோரின் எட்டிப் படித்தாள். பிறகு மெர்வினைப் பார்த்தாள்.

“நான் ரெண்டு தாள் எழுதினேன். மொதத் தாள் எங்க?” என்று மெர்வின் கேட்டார்.

“கோப்புல இருந்தது இதுதான்,” என்றான் லைல்.

போலீஸ்காரர் தாளைத் திருப்பிக் காட்டினார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“எழுதியிருக்கறது நிஜந்தானே? இத இழுத்துட்டுப் போனா ஆபத்துதானே?”

மெர்வின் வெடித்த சட்டத்தைப் பார்த்தார். “நிஜந்தான்,” என்றார்.

சாமான்களை இறக்க அவளுக்கு அரைமணி கொடுத்தார்கள். பற்றவைக்கும் முகமூடி, இரண்டு தட்டு, மெத்தை, குளிர்க்கோட்டு, ஒரு பை நிறைய மருந்து. ஒவ்வொன்றாகப் புல்லில் வைத்தாள். மெத்தையின் ஒரு முனையை மெர்வின் இடது கையால் பிடித்தார். குறுக்குச் சட்டங்கள்மேல் கட்டியிருந்த பைக்கை அவள் தள்ளி இறக்கும்போது, ஊறிப்போன ஏறுபலகை நடுவில் முறிந்தது.

“உங்க தாள் ரொம்ப உதவியா இருந்துச்சு, மெர்வ்,” என்றான் லைல். நல்ல தோளில் தட்டிவிட்டுப் போனான். மெர்வின் அவன் கை பட்ட இடத்தில் சட்டையை உடம்பிலிருந்து பிரித்துப் பிடித்துக்கொண்டார்.

தூக்கு லாரி வந்து வண்டியின் மூக்கைத் தூக்கியது. தரைக்கடியில் மிச்சமிருந்த கழுநீர் முழுவதும் பின்பக்கம் வந்து கொட்டியது. கறுப்பாக, சின்னச்சின்ன மரச்சிராய்களோடு சாலையின் குறுக்கே ஓடி, தொழிற்சாலை வாசலில் போய்த் தேங்கியது. உள்ளே முந்தின நாள் முடித்த பதினாலு வண்டிகளும் பின்கதவு சாய்த்து வரிசையாக நின்றன. துப்புரவு ஆள் ஒருவன் மூட்டையோடு ஓடிவந்து தண்ணீர்மேல் மரத்தூளைக் கொட்டி, காலால் பரப்பிவிட்டான். கழுத்து அட்டைக்காரர்கள் அதன்மேல் மிதித்து நடந்து உள்ளே போனார்கள்.