படுத்தபடியே ஒரு திருவிழா விருந்து

எங்கள் ஊர்த் திருவிழா அன்று யார் வீட்டுக் கதவும் மூடியிருக்கக் கூடாது. தெரிந்தவன், தெரியாதவன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவன் என்று எவன் நுழைந்தாலும் தட்டை நீட்டியாக வேண்டும். நுழைந்தவனும் வயிறு நிறைந்துவிட்டது என்று தப்பிக்க முடியாது. வீட்டுக்கு வீடு பன்றியை முழுசாக வாட்டி வைத்திருப்பார்கள், வீட்டுக்கு வீடு தின்றே தீர வேண்டும். சான் இசித்ரோ உழவர்களின் புனிதர். அவர் பெயரைச் சொல்லி வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் வயிற்றை நாங்களே உழுது போடுவோம்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு எனக்கு இப்படி ஒரு வியாதி. ஒரு காய்ச்சல் வந்தது. போனது. போகும்போது என் தெம்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. இலோய்லோ நகரத்து டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். ஊர் சுருக்கமாகச் சொன்னது: சோம்பேறி. எனக்குப் பல் தேய்த்தால் படுக்க வேண்டும். தலைக்குக் குளித்தால் அன்றைய பொழுது அத்தோடு முடிந்தது. இன்று கொஞ்சம் நன்றாக இருக்கிறதே என்று துள்ளினேனோ, அதற்கும் சேர்த்துப் பல நாள் கட்டிலில் கிடக்க வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம் பகோலோதில் இருக்கும் என் அக்கா பெர்பெத்துவாவுக்கு என் தெம்பும் சேர்ந்து போய்விட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, ஊர்க்கோழிகளை எழுப்பிவிட்டு, பாகற்காய் வதக்கிவிட்டு, ஜெபமாலை சொல்லுகிற ஜென்மம் அது. திருவிழாவுக்கு முந்தின வாரம் போன் செய்தாள்.

"ஏய் நெனித்தா, இந்த வருஷம் அம்மா வீட்டுக் கதவு தொறக்குமா தொறக்காதா?"

"தொறக்கும்க்கா."

"யாரு சமைக்கிறது? நீயா? வெந்நி வச்சாலே விழுந்து கெடப்பே! பேசாம வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்து இரு. நான் பாத்துக்கறேன். காலையில என்கூட எந்திரிச்சு நாலு எட்டு நடந்தா எல்லாம் சரியாப் போயிடும்."

அம்மா விட்டுப்போன என் வீடு, என் கட்டில், என் ஜன்னலோர வெயில் எல்லாம் போய், நாலு மணிக்கு எழுப்பிப் பாகற்காயைத் திணிக்கும் இடத்துக்கா?

"சமைச்சுக் காட்டறேன்" என்று வாய் முந்திக்கொண்டது.

"சரி. திருவிழா அன்னிக்கு நானே வரேன். சப்பரம் நம்ம வாசலத் தாண்டற வரைக்கும் கதவு தொறந்திருக்கணும். வந்தவன் ஒருத்தனும் பசியோட போகக் கூடாது. கதவு சாத்தியிருந்துச்சுன்னா அன்னிக்கு சாயங்காலம் படகுல நீயும் ஏறணும். உனக்கும் சேத்துதான் டிக்கெட் எடுத்துட்டு வரேன்."

போனை வைத்ததும் பக்கத்து வீட்டு ஈசிங்கைக் கூப்பிட்டேன். என்னைச் சோம்பேறி என்று சொல்லாத ஒரே ஆள் அவள்தான். காரணம், அவள் நிஜமாகவே சோம்பேறி.

"பன்னி வாட்ட முடியாது" என்றாள் ஈசிங்.

"கனவுலகூட முடியாது."

"அப்ப என்னடி பண்ணப் போறே?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரே சமையல். படுத்துக்கிட்டே."

என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி இருக்கிறது. அதில் ஒரு கால் குட்டை. யார் தொட்டாலும் லொடக்கென்று சாயும். அதன்மேல் ரைஸ் குக்கர். அதுதான் என் அடுப்படி. அரிசியைப் படுத்தவாறே அளந்து போட்டு, உப்பும் தாராளமாகத் தண்ணீரும் சேர்ப்பேன். எலும்பில்லாத கோழித்தொடையை வெட்டுவதில்லை, அப்படியே போடுவேன். வெந்தால் கரண்டி பட்டாலே நார் நாராகப் பிரிந்துவிடும். இஞ்சியைத் தோல் சீவுவதில்லை. கழுவி, கண்ணாடிப் புட்டியால் ஒரு தட்டு தட்டினால் போதும், தோல் சீவாத இஞ்சியால் செத்தவர் யாருமில்லை. முட்டைகளைக் கழுவி ஓட்டோடு மேல்தட்டில் அடுக்கினால் அதே ஆவியில் வெந்துவிடும். வெங்காயத்தாளைக் கத்தரிக்கோலால் நேரே குக்கருக்குள் கத்தரிப்பேன். பொரித்த பூண்டு சந்தையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. மூடியைப் போட்டு, பொத்தானை அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டால் கோழிக்கஞ்சி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஒரு வேலை, ஒரு படுக்கை. மறுபடி ஒரு வேலை, மறுபடி ஒரு படுக்கை. இதுதான் என் சட்டம்.

ஈசிங் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா இருக்குடி! திருவிழாவுக்குக் கஞ்சியா? கஞ்சி நோயாளிக்குப் போடறது. இல்லேன்னா எழவு வீட்ல போடறது!"

"நான் நோயாளிதானே? என் வீட்ல என் சாப்பாடு" என்றேன் ரோஷமாக.

திருவிழா அன்று காலை ஈசிங் தன் குக்கரையும் கொண்டுவந்தாள். கூடத்து பெஞ்சில் மெத்தை போட்டு, என் முக்காலியையும் குக்கரையும் பக்கத்தில் வைத்துத் தந்தாள். வாசலுக்கு நேராக நான் படுத்துக்கொண்டேன். வருகிறவர்களைப் படுத்துக்கொண்டே வரவேற்கலாம் அல்லவா? தலைமாட்டில் இருந்த புனிதர் படத்துக்கு மல்லிகை மாலை, முன்னால் ரெண்டு மெழுகுவத்தி. திருவிழா ஆயிற்றே என்று வெள்ளைக் கவுன் போட்டிருந்தேன். கவுனை மாட்டியதிலேயே பாதி உயிர் போய்விட்டது. ஈசிங் கிண்ணங்களை அடுக்கிவிட்டுக் குளிக்கப் போனாள். குக்கர் ரெண்டும் கொதிக்க, என் சட்டப்படி நான் கண்ணை மூடினேன். கையை மார்பில் கோத்துக்கொண்டு தூங்குவது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம்.

அந்த நேரம் பார்த்தா ஊர்த் தலைவர் கிளெமென்தே வர வேண்டும்!

அவர் எட்டிப் பார்த்திருக்கிறார். கூடத்தில் வெள்ளை உடுப்பில் ஒருத்தி, கோத்த கைகள், வெளிறிய முகம். தலைமாட்டில் பூமாலை, மெழுகுவத்தி. பக்கத்தில் குக்கர் நிறையக் கோழிக்கஞ்சி, அடுக்கிய கிண்ணங்கள். எங்கள் ஊரில் இதையெல்லாம் ஒன்றாகப் பார்த்தவனுக்கு வேறு எதுவும் தோன்றாது. மனுஷன் தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் நழுவிவிட்டார். போனவர் நேரே மேடைக்குப் போய், டான்ஸ் போட்டியை நிறுத்தி, மைக்கில் தழுதழுத்தாராம்: "பெரியோர்களே, ஒரு துக்கமான சேதி. நம்ம நெனித்தா..."

நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

விழித்தபோது என்னைச் சுற்றி முணுமுணுவென்று ஜெபம். கண்ணைத் திறக்கப் போனேன். அதற்குள் ஊரின் தலைமை ஜெபக்காரி புளோராவின் குரல் காதில் விழுந்தது.

"எப்பேர்ப்பட்ட பொண்ணு! ஒரு நிமிஷம் சும்மா இருந்திருப்பாளா?"

"சுறுசுறுப்புன்னா அவதான்" என்றது இன்னொரு குரல்.

"நோயோட எப்படிப் போராடினா! நாமதான் புரிஞ்சுக்கல."

கண்ணைத் திறக்க மனசே வரவில்லை. போன மாதம்தான் இதே புளோரா கடைத்தெருவில் "அவளுக்கு வியாதியும் இல்ல மண்ணும் இல்ல, உடம்பு வணங்கல" என்று சொன்னாள். இப்போது கேட்கக் கேட்கத் தேனாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"சமையல்ல அவள அடிச்சுக்க முடியுமா!" என்றாள் புளோரா.

அதுதான் தாங்கவில்லை. வயிறு குலுங்கிவிட்டது. சிரிப்பு மூக்கு வழியாகக் குபீரென்று வந்தது.

ஒரு அலறல் பாருங்கள்! ஒருத்தி ஜன்னல் வழியாகவே போய்விட்டாள். தலைவர் கிளெமென்தே நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"தலைவரே, இறங்குங்க. கிண்ணம் அங்க இருக்கு, கரண்டி குக்கர்ல இருக்கு" என்றேன்.

"அடிப் பாவி! உயிரோடவா இருக்கே?"

"மன்னிச்சுக்குங்க" என்று எழப் போனேன். புளோரா பாய்ந்து வந்து என் தோளை அமுக்கினாள்.

"எந்திரிக்காதே! ஜெபம் ஆரம்பிச்சாச்சு. ஆரம்பிச்ச எழவப் பாதியில விட்டா நெசமாவே ஒண்ணு விழும். சப்பரம் போற வரைக்கும் நீ படுத்துத்தான் கெடக்கணும்."

"வீட்டப் பெருக்க வேண்டாமா?"

"எழவு வீட்ல தொடப்பம் எடுப்பாங்களா?"

"வந்தவங்கள வாசல் வரைக்கும் வழியனுப்ப வேண்டாமா?"

"எழவு வீட்ல யாரையும் வழியனுப்பக் கூடாதுடி! இதுகூடத் தெரியாதா உனக்கு?"

தெரியும். நன்றாகத் தெரியும். துக்க வீட்டுக்காரர்கள் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடக் கூடாது, வந்தவர்கள்தான் எல்லா வேலையும் பார்க்க வேண்டும். ஆகா, நான் ஏன் முன்பே சாகவில்லை!

கஞ்சியை முதலில் வாயில் வைத்தவர் தலைவர்தான். அதுவரை ஆறு வீட்டுப் பன்றி அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. குட்டி எலுமிச்சையைப் பிழிந்து, இஞ்சி மணக்க ஒரு வாய் விழுங்கினார். பெரிசாக ஒரு ஏப்பம் வந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"நெனித்தா, நீ நல்லா இருக்கணும்மா" என்றார். இரண்டாவது கிண்ணத்தை அவரே ஊற்றிக்கொண்டார்.

அவ்வளவுதான், கூட்டம் குக்கர்மேல் விழுந்தது. ஊரே கொழுப்பில் மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது, கேட்க நாதியில்லாமல்! கஞ்சி தீரத் தீர யாரோ அரிசி போட்டார்கள், யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். "முட்டைய மேல்தட்டுல வைங்க! இஞ்சியச் சீவாதீங்க, தட்டுங்க!" என்று நான் படுத்த இடத்திலிருந்தே ராணி மாதிரி உத்தரவு போட்டேன். ஈசிங் ஈரத் தலையோடு ஓடிவந்து, விஷயம் தெரிந்து, சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். தின்று முடித்தவர்கள் தோதாக இடம் பார்த்துப் பாயில் சாய்ந்தார்கள். எழவு வீட்டு வழக்கப்படி ஒரு மூலையில் சீட்டாட்டமும் தொடங்கிவிட்டது. எங்கள் கூடத்தில் அத்தனை பேர் ஒன்றாகப் படுத்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது தெருமுனையில் ஒரு ஓலம் கேட்டது. எனக்கு அந்தக் குரலைத் தெரியும்.

கஞ்சி வைத்த இடத்திலேயே நான் போய்விட்டேன் என்று அக்காவுக்குப் படகுத் துறையிலேயே சேதி சொல்லிவிட்டார்களாம். செருப்பு ஒரு காலில், மறு கால் வெறுங்காலாக ஓடிவந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து என்மேல் விழுந்தாள்.

"என் தங்கமே! உன்ன வேல செய்யச் சொல்லி நானே கொன்னுட்டேனே! கஞ்சி வச்சே செத்துட்டியேடி!"

"அக்கா, மூச்சு முட்டுது. கொஞ்சம் நகரு."

நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பளாரென்று ஒரு அறை விட்டாள். அடுத்த நொடி அதே கன்னத்தில் முத்தமாகக் கொட்டினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈசிங் அவள் கையில் ஒரு கிண்ணத்தைத் திணித்தாள். மறுபேச்சில்லாமல் குடித்தாள். கிண்ணம் காலியானபோது தலை தொங்கியது. விடிகாலை முதல் ஓடிய உடம்பு, என் காலடிப் பாயில் சுருண்டு தூங்கிவிட்டது.

சப்பரம் வந்தது, பாண்டு முழங்கியது, எங்கள் திறந்த வாசலில் நின்று தாண்டியும் போனது. அக்கா அசையவில்லை. படகு சங்கு ஊதியதும் அவளுக்குக் கேட்கவில்லை. நானும் எழுப்பவில்லை. தூங்குகிறவர்களை எழுப்புவது எங்கள் வீட்டில் அவள் பழக்கம்தானே தவிர என்னுடையதல்ல.

கூட்டம் கலைந்து வெயில் இறங்கியபோது கண் விழித்தாள்.

"நெனித், தூங்கிட்டேனா?"

"குறட்டையும் விட்டே. தலைவர் ரேடியோன்னு நெனச்சு அணைக்கத் தேடினாரு."

சிரித்தாள். சோம்பல் முறித்தாள். "அடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சுடி. கை காலே என்னுது இல்ல. இப்பத் தூங்கி எந்திரிச்சதும் எல்லாம் சரியாப் போச்சு."

அவள் முறித்த கை அந்தரத்தில் அப்படியே நின்றது. மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு... தூங்கி எந்திரிச்சா சரியாகாதா?"

"ஆகாதுக்கா."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் ஆகாது. காலையில கண்ண முழிக்கும்போதே நீ படுக்கறதுக்கு முன்னாடி இருந்தியே, அப்படித்தான் இருப்பேன்."

இத்தனை வருஷத்தில் அவள் இதை என்னிடம் கேட்டதே இல்லை. "நான் செத்தாத்தான் என்னப் படுக்க விடுவீங்களாக்கா?"

அக்காவின் கண்கள் பொங்கின. என்மேல் குனிந்தாள்.

"அழாதே, செத்தவங்க மேல கண்ணீர் படக் கூடாதாம். அப்புறம் புளோரா வந்து முதல்லேர்ந்து ஆரம்பிச்சுடுவா" என்றேன்.

அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள். கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டாள். ரெண்டு படகு டிக்கெட்டும் கையோடு வந்தன. ஒரு நிமிஷம் அவற்றைப் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து, என் முக்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். கையால் ஆட்டிப் பார்த்தாள். குக்கர் அசையவில்லை.

"தள்ளிப் படு" என்றாள் அக்கா.