பச்சை எரிந்தால் ஆள் வெளியே

கேபிள் கழன்று மேஜையில் விழுந்தது. விளக்கு பச்சையாகவே எரிந்தது.

டெஸ்டர் அதை மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தாள். பச்சைதான். தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள் என்பதால் ரிப்பேர் கடையில் அவளுக்கு அந்தப் பெயர்.

கேபிள் கழன்ற போர்டு, மாட்டுத்தீவன ஆலையின் கலவை இயந்திரத்துக்கானது. ஒட்டிய தீவனத்தை ஆள் உள்ளே இறங்கிச் சுரண்டுகிற அளவுக்குப் பெரிய தொட்டி. அதன் கதவு திறந்திருந்தால் சிவப்பு, மூடியிருந்தால் பச்சை. கதவிலிருந்து செய்தி இரண்டு கம்பிகளில் வரும். இரண்டுக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசத்தைப் பார்த்து ஒரு சிப் 'ஒன்று' அல்லது 'பூஜ்யம்' என்று சொல்லும். ஒன்று என்றால் பச்சை. கம்பி அறுந்துவிட்டால் வித்தியாசமே இருக்காது. சிப் வாய்க்கு வந்ததைச் சொல்லும். அதனால் பழைய போர்டில் இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைப் போட்டு, அறுந்தால் பூஜ்யம், அதாவது சிவப்பு என்று இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள்.

டெஸ்டர் மாற்றிப் போட்ட புதிய சிப்புக்குள்ளேயே அந்தப் பாதுகாப்பு இருந்தது. 'வெளியே ரெசிஸ்டர் தேவையில்லை' என்றது அதன் குறிப்பேடு. டெஸ்டர் இரண்டையும் எடுத்துவிட்டாள். கம்பி அறுந்தால் இந்தச் சிப் 'ஒன்று' சொல்லும் என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது. படித்தாள். இந்த ஆலையில் ஒன்று என்றால் பச்சையாயிற்றே என்று மட்டும் அப்போது உறைக்கவில்லை. கதவுக்குப் பதிலாக ஒரு ஸ்விட்சை வைத்துத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள். கேபிளைக் கழற்றிப் பார்க்கவில்லை.

மேஜையில் இருந்தது இரண்டாவது போர்டு. முதலாவது ஆலைக்குப் போய் நாலு நாள் ஆகிறது. அந்தத் தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டுவது அவளுடைய சொந்த அக்கா. "இப்ப இன்னும் பத்திரம்க்கா" என்று வேறு சொல்லியிருந்தாள்.

மணி பதினொன்று பத்து. பதினொன்றுக்கு அக்கா இறங்குவாள். அவள் போன் லாக்கரில் இருக்கும்.

ஆலைக்குப் போன் போட்டாள். எடுத்தவர் மாடிக்காரர். மேல்மாடியில் பேனல் முன்னால் உட்கார்ந்து இயந்திரத்தை ஓட்டுபவர். அங்கிருந்து தொட்டி தெரியாது. மெயினை அணைத்தால் எடைக்கருவிகளை மறுபடி செட் செய்ய அரை மணி நேரம் போய்விடும் என்று, சுரண்டும்போது யாரும் மெயினை அணைப்பதில்லை. எல்லாம் அந்த விளக்கை நம்பித்தான்.

"அண்ணே, அக்கா எங்க?"

"முடிச்சுட்டு வெளிய வந்திருப்பா. பச்சை எரியுதே."

"கண்ணால பாத்தீங்களா?"

"பச்சை எரியறப்ப நான் எதுக்கும்மா நாப்பது படி இறங்கணும்? என் முட்டி என்ன உங்க கடை போர்டா, கழட்டி மாட்ட?"

"ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?"

"விரலை வைக்கப் போனேன், நீ கூப்பிட்டே."

"கையை எடுங்கண்ணே! அந்த விளக்கை நம்பாதீங்க. மெயினை அணைங்க."

"மெயினா? மேனேஜர் என் தோலை உரிச்சிடுவாரு."

"நான் பதில் சொல்றேன். அணைச்சிட்டுக் கீழ போய்ப் பாருங்க. உங்க கால்ல விழறேன்."

முணுமுணுப்பு. மெயின் 'டக்'கென்று விழும் சத்தம். பிறகு படிகளில் செருப்பு.

கடை முதலாளி பின்னால் வந்து நின்றார். "கம்பி அறுந்துச்சுன்னு யார் சொன்னா? சும்மா பயப்படாதே. அப்படியே இருந்தாலும் நம்ம தப்புன்னு வாயைத் திறந்துடாதே, கடையை மூட வேண்டியதுதான்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். காது வலித்தது.

மாடிக்காரர் திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"கதவு ஆன்னு திறந்து கெடக்கும்மா. உள்ள பாடிக்கிட்டே சுரண்டிட்டு இருக்கா."

டெஸ்டர் அந்த இரண்டு ரெசிஸ்டர்களையும் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

ஆலையில், தொட்டியின் கதவுக் கீலில் உரசி உரசிக் கேபிள் அறுந்திருந்தது. தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு அக்கா மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்தே நடந்துச்சுடி. நான் வெளிய கால் வெச்சு, கதவைச் சாத்தறதுக்குள்ள சுத்த ஆரம்பிச்சுது. இவர்கிட்ட சொன்னா, பச்சை எரிஞ்சுதே, கனவு கண்டியான்னு சிரிக்கறாரு."

மாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேனேஜர் கேபிளைத் தூக்கிப் பார்த்தார். "இதானே காரணம்? கம்பி அறுந்துடுச்சு, அவ்வளவுதானே?"

தலையாட்டினால் போதும். கடை பிழைக்கும், வேலையும் பிழைக்கும்.

"இல்ல சார். கம்பி என்னைக்காவது அறுந்துபோகத்தான் செய்யும். அறுந்தா சிவப்பு எரியணும். எரியவிடாம பண்ணினது நான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

டெஸ்டர் அங்கேயே போர்டைக் கழற்றி, ரெசிஸ்டர்களை ஈயத்தால் பற்றவைத்து, புதுக் கேபிள் மாட்டினாள். மாடிக்காரர் மேலே போய் மெயினைப் போட்டார். கதவு மூடியிருந்தது, மாடியில் பச்சை. "நகரு" என்று அக்கா வந்து கேபிளைத் தானே பிடுங்கினாள்.

"சிவப்பு!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

மாட்டினாள். மறுபடி பிடுங்கினாள். சிவப்பு. மூன்றாவது தடவையும் சிவப்புதான்.

அக்கா சுரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியைப் பார்த்துக் கத்தினாள்: "அண்ணே, மெயினை அணைங்க! இனிமே அணைச்சாத்தான் இறங்குவேன்!"

தங்கையின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.