ஒந்து ரெண்டு மூடு

ஒந்து கன்னடம், ரெண்டு தமிழ், மூடு தெலுங்கு. ஓசூரில் காய்கறிக்காரர்கூட ஒரே மூச்சில் மூன்று மொழியிலும் எண்ணுவார் என்பதால், ஹரீஷ்குமாரும் சுடலைமுத்துவும் தங்கள் நகைச்சுவைப் பாட்காஸ்டுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். தமிழில் ‘மூடு’ என்றால் வேறு அர்த்தம் ஆயிற்றே என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கேட்டவர்கள் கீழே ‘மூடு’ என்று எழுதினால் அது பாராட்டா வசவா என்று கடைசிவரை தெரியவில்லை.

நாற்பத்தொரு பகுதிகள். வைத்திருந்த இணையதளம் போன வருஷம் கடையைச் சாத்தியதும் எல்லாம் போய்விட்டது. பாட்காஸ்ட் நின்று ஆறு வருஷம் கழித்து, கிருஷ்ணகிரியிலிருந்து இளம்பரிதி என்ற ரசிகர் தேடிப்பிடித்து ஹரீஷுக்குச் செய்தி அனுப்பினார். “அண்ணா, எல்லாத்தையும் திரும்ப ஏத்துங்கண்ணா. ஆயிரம் பேர் கேக்கறோம்.” ஆயிரம் என்பது அன்பு, பத்துப் பேர் இருந்தாலே அதிகம். ஆனாலும் ஹரீஷுக்குக் கண் கலங்கிவிட்டது. பீரோவிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தான்.

என்ன காலம் அது! ஞாயிற்றுக்கிழமை மதியம், கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜுவாடி தாண்டாமல் ஒரு காலி மனையில் ஹரீஷின் ஆம்னி வண்டியை நிறுத்துவார்கள். லாரிச் சத்தம் கேட்காமலிருக்கக் கண்ணாடியெல்லாம் ஏற்றி, மேலே ரெண்டு கம்பளியைப் போர்த்துவார்கள். உள்ளே வெந்துபோகும். பனியனோடு உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பேசுவார்கள். ஹரீஷ் பாகலூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை, வீட்டில் தெலுங்கு. சுடலை திருநெல்வேலிக்காரன், சிப்காட் தொழிற்பேட்டையில் ஹரீஷ் வேலை பார்த்த அதே கம்பெனியில் லேத் ஓட்ட வந்தவன்.

முதல் பகுதியே சுடலையின் வீட்டுக்கார அம்மாள் சரோஜம்மாள் பற்றியது. டிரம்மில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கப் போனான். அது நிறைந்ததும் அவர் “சாக்கு, சாக்கு” என்றார். கன்னடத்தில் ‘போதும்’ என்று அர்த்தம். இவன் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கோணிச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். அதைக் கேட்டு சிப்காட் பஸ்களில் ஒரு வாரம் சிரித்தார்கள். சரோஜம்மாள் மட்டும் வாடகை ரசீதைத் தராமல் ஒரு மாதம் முறைத்தார்.

வம்புக்கும் குறைவில்லை. மாம்பழக் கூழில் மாம்பழம் எவ்வளவு என்று கேட்டு ஒரு பகுதி போட்டார்கள். மாங்காய் மண்டி வைத்திருந்த ஹரீஷின் சொந்தத் தாய்மாமனே ஒரு கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லையைப் பற்றி ஒன்று போட்டார்கள். அந்தப் பக்கத்தார் தமிழ்த் திமிர் என்றார்கள், இந்தப் பக்கத்தார் நீ கன்னடனா என்றார்கள். ஒரே நாளில் ரெண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். ரெண்டு பேரும் அட்டிபெலே பேக்கரியில் பன் வாங்கித் தின்று கொண்டாடினார்கள்.

வெட்டி ஒட்டுவதெல்லாம் ஹரீஷ். அவனிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. பன்னிரண்டாம் பகுதியில் சுடலை ஒரு சிரிப்புச் சிரித்தான்: இருமல்போல ஆரம்பித்து, மூச்சுத் திணறி, “அய்யோ ஆத்தா” என்று முடியும். ஹரீஷ் அதைத் தனியாக வெட்டி வைத்துக்கொண்டான். சுடலை சிரிக்க மறந்த இடத்திலெல்லாம், சப்பென்ற குழம்பில் உப்புப் போடுவதுபோல, அதை எடுத்துப் போடுவான். சுடலைக்கும் தெரியும். “என் சிரிப்ப வச்சே பொழைக்க நீ” என்பான்.

முப்பத்தேழாம் பகுதி வரும்வரை ஹரீஷ் வரிசையாகக் கேட்டுச் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். அங்கே வந்ததும் கை நின்றது.

அது பட்டப்பெயர்களைப் பற்றிய பகுதி. பிரஸ் மிஷினில் விரல் பாதி போன ஒருவனை எல்லோரும் ‘ஒம்பதரை’ என்று கூப்பிடுவதாகவும், அவன் கடையில் பத்து வாழைப்பழம் கேட்டால் கடைக்காரர் விரல்களை எண்ணிப்பார்த்து அரைப் பழத்தை ஒடித்துக்கொள்வதாகவும் ஹரீஷ் சொன்னான். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சிப்காட் முழுக்க ஒம்பதரை என்றால் மணிதான். சுடலையின் ஊர்க்காரன். ஒரே அறையில் தங்கியிருந்தவன். அந்த ஜோக்கை அடுத்து, சுடலையின் சிரிப்பு, “அய்யோ ஆத்தா” வரைக்கும்.

மூன்றாம் நாளே கம்பெனி பஸ்ஸில் அதைச் சத்தமாகப் போட்டார்கள். மணி பாதி வழியில் இறங்கி நடந்தான். அறைக்கு வந்து சுடலையிடம், “நீயுமால சிரிச்ச?” என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டான் சுடலை. மறுநாள் மணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனான்.

“நீ இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்று ஹரீஷ் அப்போது கேட்டான்.

“என் சிரிப்புதானல அது. எப்படி இல்லங்க முடியும்?” என்றான் சுடலை. ரெண்டு மாதத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனான். ‘யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை’ என்று எல்லோரும் சொல்கிற அந்த வெறும் வாக்கியத்தை ஹரீஷ் சொல்லி வைத்தான். பிறகு தனியாக நாலு பகுதி ஒப்பேற்றினான். பாட்காஸ்ட் செத்துப்போனது.

ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் பகுதியின் வெட்டாத பதிவும் இருந்தது. கேட்டான். வெட்டி ஒட்டிய பகுதியைத் திரும்ப ஏற்றினால் பொய் திரும்ப ஏறும். விட்டுவிட்டு ஏற்றினால் ஏன் என்று ஊர் கேட்கும். உண்மையைச் சொன்னால் சுடலை தப்பிப்பான். இவன் யாரென்று தெரிந்துவிடும். மூன்று நாள் அந்தப் பதிவையே திரும்பத் திரும்பக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியை எடுத்துக்கொண்டு மணி வீட்டுக்குப் போனான்.

மணி இப்போது கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கிறான், கல்யாணமாகிவிட்டது. உட்காரச் சொன்னான். ஆறு வருஷத்துக்குப் பிறகும் விரல் போன இடது கை பேண்ட் பையில்தான் இருந்தது. ஹரீஷ் போனை மேசையில் வைத்து அந்த வெட்டாத பதிவை ஓடவிட்டான்.

வாழைப்பழ ஜோக் முடிந்தது. சிரிப்பு இல்லை. வெளியே போன லாரி ஒன்றின் இரைச்சல் மட்டும். அப்புறம் சுடலையின் குரல்.

“ஏல, இது வேண்டாம். அவன் சாப்பிடும்போதுகூட அந்தக் கைய வெளிய எடுக்க மாட்டாம்ல. வேற ஏதாச்சும் பேசு.”

“சரி உட்றா மச்சான், கட் பண்ணிடறேன்” என்றது ஹரீஷின் குரல்.

“சத்தியமா?”

“சத்தியமாத்தான்டா.”

மணி போனையே பார்த்துக்கொண்டிருந்தான். “கட் பண்ணுதேன்னு சொல்லியிருக்கியே.”

“சொன்னேன் மணி.”

“பொறவு ஏன் பண்ணல?”

ஆறு வருஷமாக ஹரீஷ் இதற்கு எத்தனையோ பதில் சேர்த்து வைத்திருந்தான். மறந்துவிட்டேன், நேரமில்லை, பகுதி சின்னதாகிவிடும். வாய்க்கு வந்தது வேறு. “ஜோக் நல்லா இருந்துச்சு. அதான்.”

அடிப்பான் என்று நினைத்தான். அடித்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். “அவன் நம்பர் இருக்கா?” என்றான் மணி. ஹரீஷ் தன் போனிலேயே போட்டுக் கொடுத்தான். ஸ்பீக்கரில் ரிங் போனது. “சொல்லு ஹரீஷ்” என்றான் சுடலை, எல்லோரிடமும் பேசுகிற குரலில்.

“நான் மணி பேசுதேன்.”

மணி போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

“ஏல சுடல. நீ சிரிக்கலையாமே.”

சுடலையின் மூச்சு மட்டும் வந்தது, பிறகு அது உடைந்தது. அந்தக் குரலை இழுத்து, நறுக்கி, ஒட்டி, அது எந்த இடத்தில் எப்படி ஏறி இறங்கும் என்று ஹரீஷுக்கு அத்துப்படி. அது அழுது அவன் கேட்டதே இல்லை. மணி இடது கையை வெளியே எடுத்து ரெண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டான். “ஏன்ல சொல்லல, ஏன்ல எங்கிட்ட சொல்லல” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஹரீஷ் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினான். போன் உள்ளே இருந்தது. அதைக் கேட்டு வாங்க அவனுக்கு மனசு வரவில்லை, இருப்பா என்று யாரும் சொல்லவுமில்லை.